பவுனுக்கு வைத்த எண்ணெய்

இந்த அட்டைப் பெட்டியை நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல வெச்சுக்கறேனுங்க தம்பி. கொஞ்சம் பாத்து உக்காருங்க, மேல சாஞ்சு போடாதீங்க. உள்ள உசுரு இருக்குது.

கிளிங்க. கிளின்னு கடையில சொன்னாங்க, நானும் சொல்றேன். பச்சையும் கெடையாது, செவப்பு மூக்கும் கெடையாது. வெளுத்த மஞ்சளு, கன்னத்துல ரெண்டு ஆரஞ்சுப் பொட்டு, மண்டையில ஒரு கொண்டை. காக்டெயில்னு பேராம். பேசத் தெரியாது, விசில் அடிக்கும். விசில் அடிக்கறதுக்கு எங்க ஊட்டுல குக்கர் இருக்குதே, அதுக்கு எதுக்குங்க தனியா ஒரு கூண்டும் தினையும்?

தம்பி எங்க, கோபிக்குத்தானுங்களா? நல்லதாப் போச்சு. நானும் கோபிதான். காங்கேயத்துல ஒம்பது மணிக்குக் கெளம்பி, ஈரோடு வந்து இந்த பஸ்ஸைப் புடிச்சேன். என்ற பேரு நாச்சிமுத்து. காங்கேயத்துல எண்ணெ மில்லு வெச்சிருந்தேனுங்க, நாப்பது வருசம். நல்லெண்ணெ மட்டும்தான் ஆட்டறது. இப்பக் குத்தகைக்கு உட்டுப்போட்டு ஊட்டுல கெடக்கறேன். ஆனா காது இன்னும் மில்லுக் காதுதான். ரெண்டு தெருத் தள்ளி மெசின்ல பெல்ட்டு நழுவுனா, ஊட்டுல உக்காந்துட்டே சொல்லிப்போடுவேன். பாம்புக் காதுன்னு என்ற ஊட்டுக்காரி ருக்குமணி சொல்லுவா.

அவளைக் கூட்டிட்டு வரத்தான் போறேன். கோபியில அவ தம்பி ஊட்டுல போய் உக்காந்திருக்கறா. மூணு வாரமாகப் போகுது.

சண்டையெல்லாம் இல்லீங்க. சண்டை போடறதுன்னா எதிர்ல இருக்கறவ வாயைத் தொறக்கோணுமில்ல? எல்லாம் ஒரு கிளியால வந்தது. இது இல்ல, இதுக்கு முந்தின கிளி.

போன பொங்கலுக்குக் கோயமுத்தூர்ல இருந்து என்ற மக ஒரு கூண்டோட வந்து எறங்குனா. 'அம்மாவுக்குப் பேச்சுத் தொணைக்குப்பா'ன்னா. நான் ஒருத்தன் அங்கயே சேர்ல உக்காந்திருக்கறேன், என்ற மூஞ்சிக்கு நேரா சொல்றா! ருக்குமணி ஒடனே பவுனுன்னு பேரு வெச்சுட்டா. அன்னைக்கு அந்தக் கூண்டைப் பாத்து அவ சிரிச்ச சிரிப்பு இருக்குதே, கட்டிக்கிட்டு வந்த முப்பத்தாறு வருசத்துல நான் பாத்ததில்லீங்க. ஒரு குருவிக்கு இத்தனை பல்லைக் காட்டோணுமான்னு எனக்குக் கேவலமாப் போச்சு.

சரி, வந்தது வந்துச்சு, ஒரு மூலையில கெடந்துட்டுப் போகட்டும்னு உட்டேன். ஆனா அதுக்கு அவ தண்ணி வாக்கற லட்சணத்தை நீங்க பாக்கோணும் தம்பி. தினமும் பத்து மணி வெயிலுக்குக் கூண்டைக் கொண்டு போய்ப் பின்வாசல்ல வெப்பா. துணி தேய்க்கறப்போ தண்ணி தெளிக்கற பாட்டில் இருக்குதில்லீங்க, அழுத்துனா புஸ்ஸு புஸ்ஸுன்னு வருமே, அதுல தண்ணிய ரொப்பி மேல பாத்தாப்பல அடிப்பா. அது பனியாட்டம் எறங்கும். உள்ள இருக்கறவரு ரெண்டு றெக்கையும் விரிச்சு, கம்பியப் புடிச்சுத் தலைகீழாத் தொங்கி, இந்தப் பக்கம் ஒரு தரம் காட்டுவாரு, அந்தப் பக்கம் ஒரு தரம் காட்டுவாரு. விசிலு வேற. கொத்தமல்லித் தழைய நனைச்சு ஒரு வட்டல்ல போட்டு வெச்சுட்டா அதுல உழுந்து உருளுவாரு. இவ கைகொட்டிச் சிரிப்பா. பக்கத்து ஊட்டுக்காரியக் கூப்புட்டு வேற காட்டுவா.

அது குளியலுங்களா? நீங்களே சொல்லுங்க. இஸ்திரித் துணிக்குத் தெளிக்கற தண்ணியெல்லாம் ஒரு குளியலா? உச்சி குளிரோணும், எண்ணெ எறங்கோணும், உடம்புச் சூடு கழியோணும். அதுக்குப் பேருதான் குளியலு. நான் பேப்பரைப் புடிச்சுட்டு எல்லாத்தையும் பாத்துட்டேதான் இருப்பேன். தினமும் பாத்தேன். ஒரு நாளு உடாமப் பாத்தேன். அத்தனை கண்றாவி.

உங்க காலத்து ஆளுகளுக்குச் சொன்னாப் புரியாதுங்க. உங்க தலையையே பாருங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க, தேங்கா நாராட்டக் கெடக்குது. எண்ணெயப் பாத்து எத்தனை வருசமாச்சு? பாக்கெட்டு எண்ணெயெல்லாம் எண்ணெ இல்லீங்க, அது மஞ்சத் தண்ணி.

எனக்குச் சனிக்கிழமைன்னா எண்ணெதான். கல்யாணம் ஆன அடுத்த சனிக்கிழமையில இருந்து ருக்குமணிதான் வெச்சு உடுவா. நல்லெண்ணெயில ரெண்டு மிளகு, கொஞ்சம் சீரகம் போட்டுக் காச்சி, உச்சியில வெச்சு, தோளு, முதுகு, காலு, வெரலுக்கு வெரலு. அப்புறம் அரப்புத் தூளைக் கரைச்சுத் தேச்சு, சுடுதண்ணி ஊத்துவா. மத்தியானம் ரசஞ்சோறு. அதுக்கு மேல ஒரு தூக்கம் வருமுங்க பாருங்க, ஆளை அடிச்சுப் போட்டாப்பல. எண்ணெ தேச்சுக் குளிச்ச உடம்புன்னா அப்படித்தான், தூக்கம் தன்னால வந்துரும். இதைய ஞாபகம் வெச்சுக்குங்க.

இந்தச் சித்திரையில தேச்சு உடறதை நிறுத்திப் போட்டா, காச்சி வெக்கறதோட சரி. கை வலிக்குதுங்கறா. மணிக்கட்டுல நரம்பு அமுங்கியிருக்குதாம். வெரலெல்லாம் மரத்துப் போகுதாம், டம்ளரு கையில நிக்க மாட்டேங்குதாம், டாக்டரு ஆபரேசன்னு சொல்லிட்டாராம். டாக்டருக்கு வேற என்ன தெரியும்? நல்லெண்ணெயத் தேச்சுக்கோ, நரம்பு தன்னால எளகிப் போகும்னு சொன்னேன். கேட்டாளா? ஆனா பாருங்க, அதே கைதான் கிளிக்குப் புஸ்ஸு புஸ்ஸுன்னு தண்ணி அடிக்குது. அப்ப மட்டும் வலிக்காதாமா?

என்னங்க கேட்டீங்க? நான் அவ கைக்குத் தேச்சு உட்டனான்னா? நல்லாக் கேட்டீங்க போங்க. தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகலையாட்ட இருக்குது.

ஆவணியில ஒரு நாளுங்க, கூண்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கறேன். பாத்தா, என்ற சட்டையெல்லாம் வெள்ளையா மாவு. டீவி மேல மாவு, மேசை மேல மாவு. என்னடா இதுன்னு பாக்கறேன், கிளி ஒரு சிலுப்புச் சிலுப்புச்சு, புகையாட்டம் கெளம்புச்சு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. பொடுகுங்க! அந்தக் குருவிக்குப் பொடுகு!

ருக்குமணியக் கூப்புட்டுக் காட்டுனேன். 'இந்தச் சாதிக் கிளிக்கு அப்படித்தானுங்க. றெக்கையில பொடி வந்துட்டே இருக்கும், அது இருந்தாத்தான் அதுக்கு நல்லது'ங்கறா. பொடுகு நல்லதாம். இதையெல்லாம் போன்ல பாத்துத் தெரிஞ்சுக்கறா. நாப்பது வருசம் எண்ணெ ஆட்டுனவன் பக்கத்துல இருக்கறேன், என்ன ஏதுன்னு என்னை ஒரு வார்த்தை கேக்கலை. எண்ணெ மில்லுக்காரன் ஊட்டுல ஒரு உசுரு பொடுகோட திரியுதுன்னா ஊருல நாலு பேரு என்ன நெனைப்பாங்க?

அதே ஆவணிக் கடைசியில, ஒரு சனிக்கிழமை, அவளுக்குச் சென்னிமலையில ஒரு கல்யாணம். கெளம்பறப்போ, 'ஏனுங்க, மேகமா இருக்குது, இன்னைக்குப் பவுனுக்குத் தண்ணி அடிக்க வேண்டாம். தினை போட்டிருக்கறேன். அதையத் தொடாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனா. தொடாதீங்களாமா! என்ற ஊட்டுல, என்ற கூரைக்குக் கீழ, நான் எதையத் தொடோணும், எதையத் தொடக்கூடாதுன்னு அவ சொல்றா.

அன்னைக்கு எனக்கும் எண்ணெ நாளு. சரி, அதையும் ஒரு கை பாத்துருவோம்னு ரெண்டு பேருக்கும் சேத்தே காச்சுனேனுங்க. மிளகு, சீரகம், ஒண்ணும் கொறைக்கலை. கூண்டுக்குள்ள கைய உட்டா வெரலைக் கவ்விக்குச்சு. பாருங்க, இன்னும் தழும்பு இருக்குது. துண்டைப் போட்டு அமுக்கிப் புடிச்சேன். கொண்டையில வெச்சேன், கழுத்துல வெச்சேன், ரெண்டு றெக்கையும் விரிச்சு உள்பக்கமும் தேச்சேன். பொய் சொல்லக்கூடாது, அத்தனை மெதுவாத்தான் தேச்சேன். அதுக்கு நெஞ்சு அடிக்கறது என்ற கட்டை வெரலுக்குத் தெரியுதுங்க. கிடுகிடுன்னு அடிக்குது. எண்ணெ உள்ள எறங்குதுன்னு நெனைச்சேன்.

அரை மணி நேரம் ஊறட்டும்னு சமையல் மேடையில எறக்கி உட்டேன். பறக்கவே இல்ல. அவ ஊட்டுல இருந்தா ஃபேன் மேல ஏறி உக்காந்துக்கற கிளி, எண்ணெ பட்டதும் எத்தனை அடக்கமா நிக்குது பாருன்னு எனக்கே ஆச்சரியம். அப்புறம் அரப்பு. கண்ணை இடுக்கிட்டு ஒரு கத்து கத்துச்சு. அரப்பு கண்ணுல பட்டா எரியத்தான் செய்யும். எனக்கும்தான் எரியும், நான் கத்தறனா? சுடுதண்ணி ஊத்துனேன், எண்ணெ போகலை. இன்னொரு தரம் அரப்பு போட்டேன், அப்பவும் போகலை. நம்ம எண்ணெ அப்படிங்க. சுத்தமான எண்ணெ லேசுல உட்டுப் போகாது.

தொடச்சுக் கூண்டுல உட்டேன். றெக்கையெல்லாம் ஒட்டி, கொண்டை படிஞ்சு, இத்துனூண்டு ஆயிருச்சு. இதுக்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம்னு எனக்குச் சிரிப்பு. ஆனா பளபளன்னு இருந்துச்சுங்க. ஒரு துளி பொடி இல்ல. கூண்டுத் தரையில ஒரு மூலையில போய் ஒண்டிக்கிட்டுக் கண்ணை மூடிக்குச்சு. கொஞ்சம் நடுக்கம் இருந்துச்சு, அது தண்ணி பட்டது. எண்ணெ தேச்சுக் குளிச்சா தூக்கம் வரும்னு சொன்னேனில்லீங்க, அதேதான். எனக்குச் சந்தோசம்னா சந்தோசம். நானும் வெச்சுக் குளிச்சு, ரசஞ்சோறு உண்டுபோட்டு, கூண்டுக்குப் பக்கத்துலயே பாயைப் போட்டேன். ரெண்டு பேரும் தூங்குனோம். என்ற முதுகுக்குத்தான் எண்ணெ எட்டலை.

பொழுதோட வந்தா. கூண்டைத் தொறந்து எடுத்தா. அது அவ உள்ளங்கையில சாஞ்சுக்குச்சு. அவ ஒரு சத்தம் போடலீங்க. போட்டிருந்தா நானும் ரெண்டு போட்டிருப்பேன், அதோட தீந்திருக்கும். கட்டியிருந்த பட்டுச் சேலை முந்தானையில அதையச் சுத்துனா, காரைக் கூப்புட்டா, திருப்பூர் போய்ட்டோம். ஆமாங்க, நானும் போனேன். பொம்பளையத் தனியா அனுப்ப முடியுங்களா?

அங்க பறவைக்குன்னு ஒரு டாக்டரு. மீசை கூட ஒழுங்கா மொளைக்காத டாக்டரு. தொட்டுப் பாத்துட்டு, 'இதுக்கு எண்ணெ வெச்சது ஆருங்க?'ன்னு கேட்டாரு. ருக்குமணி சொன்னா, 'நாந்தானுங்க.'

சத்தியமாத் தம்பி. நான் பக்கத்துல நிக்கறேன், அவ 'நாந்தானுங்க'ங்கறா.

அந்த ஆளு அவளைப் புடிச்சுப் பேசுனாரு பாருங்க. றெக்கையில எண்ணெ ஏறுனா உடம்புச் சூடு நிக்காதாம், உள்ளுக்குள்ள வெறைச்சுப் போகுமாம், இது கூடத் தெரியாம எதுக்குங்க வளர்க்கறீங்கன்னு. அவ தலையக் குனிஞ்சு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டா. என்ற பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை. அதுதானுங்க மரியாதை. வெளி ஆளு முன்னால புருசனை உட்டுக்குடுக்கலை. ஆயிரம் சொல்லுங்க, அந்த விசயத்துல ருக்குமணி ருக்குமணிதான்.

அப்புறம் அந்த டாக்டரு என்ன பண்ணுனாருங்கறீங்க? பாத்திரம் கழுவற சோப்பு இருக்குதில்லீங்க, அதையத் தண்ணியில கரைச்சு, எண்ணெ போகோணும்னு மறுக்கா மறுக்காக் கழுவுனாரு. சோப்பு! கரி புடிச்ச சட்டிக்குப் போடற சோப்பை ஒரு குருவிக்குப் போட்டா அது தாங்குமா? அதுக்கு முன்னால வரைக்கும் நிம்மதியாத் தூங்கிட்டுத்தானே இருந்துச்சு? பல்பு சூடு காட்டுனாங்க, ஊசி போட்டாங்க. ஊட்டுக்கு எடுத்துட்டு வந்து அவ மடியிலயே வெச்சுட்டு இருந்தா. ஞாயித்துக்கிழமை வெடியால போயிருச்சு. சோப்பு பண்ணுன வேலை. பழி மட்டும் என்ற எண்ணெ மேல.

பின்வாசல்ல, கூண்டு வெக்கற எடத்துலயே, அவளே குழி தோண்டுனா. அந்தக் கையோட. நான் கடப்பாரைய எடுத்தாரட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னு தலைய மட்டும் ஆட்டுனா. திங்கக்கெழமை நாலு சேலைய ஒரு பையில வெச்சா, மேல அந்தப் புஸ்ஸு பாட்டிலை வெச்சா, தம்பி ஊட்டுக்குப் போறேன்னு கெளம்பிட்டா. வாசப்படியில நின்னு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டா. 'எண்ணெ எங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?'

பாத்தீங்களா, அத்தனை வருத்தத்துலயும் என்ற சனிக்கிழமைய அவ மறக்கலை. அதுதான் சொல்றேன், அவளுக்குக் கோவமெல்லாம் இல்லீங்க.

போன் போட்டா மச்சினன் எடுக்கறான். இன்சூரன்ஸ் புடிக்கறவன், பேசறதுக்குச் சொல்லியா தரோணும்? 'அக்கா கோயிலுக்குப் போயிருக்குதுங்க மாமா', 'அக்கா தூங்குதுங்க மாமா'. இருவது நாளா ஒருத்தி கோயில்லயும் தூக்கத்துலயுமா இருப்பா? பொறத்தால அவ பேசற சத்தம் எனக்குக் கேக்குது. பாம்புக் காதுன்னு சொன்னேனில்லீங்க. போன வாரம் அவன் ஊட்டுல ஆரையோ பாத்துச் சிரிச்சா. அதுவும் கேட்டுச்சு.

சொல்றதுக்கென்ன, ஊட்டுல இருக்கப் புடிக்கலீங்க தம்பி. விசில் சத்தம் இல்ல. ஃபேன் சுத்தறதுதான் கேக்குது. பத்து மணி ஆனா பேப்பரை எடுத்துட்டுப் பின்வாசலைப் பாத்து உக்காந்துக்கறேன், ஒரு வரி படிக்கறதில்ல. அவ போனதுக்கு அப்புறம் வந்த முதல் சனிக்கிழமை எண்ணெய நானே காச்சுனேன். ரெண்டாவது சனிக்கிழமை முதுகுக்கு எட்டாம, எண்ணெய வழிய உட்டுக் கதவு நெலவுல சாஞ்சு எருமையாட்டத் தேச்சுக்கிட்டு நின்னேன். எனக்கே சீன்னு போச்சு. அவளை நெனைச்சுத்தான் நின்னேன். அவளுக்கு அது எங்க தெரியப் போகுது?

அப்பத்தான் ரோசனை வந்துச்சு. போனது என்ன, ஒரு கிளி. கிளி போனா இன்னொரு கிளி. இதுக்கா ஒருத்தி ஊட்டை உட்டுப் போவா? முந்தாநேத்துத் திருப்பூருக்குப் போய் வாங்கிட்டு வந்துட்டேன். அதே மஞ்சளு, அதே கன்னப் பொட்டு. கடைக்காரம்மா ஒண்ணரை மணி நேரம் பாடம் நடத்துது. அதையக் குடுக்காதீங்க, இதையக் குடுக்காதீங்க, தண்ணிய லேசாத் தெளிங்க போதும்னு, அங்கயும் அதே புஸ்ஸு பாட்டிலை எடுத்து நீட்டுது. ஊர் ஊருக்கு ஒரே பைத்தியம்! வேண்டாம்மா, அது எங்க ஊட்டுக்காரி கிட்ட இருக்குதுன்னு சொல்லிட்டு வந்தேன். பேரு வெக்கலை. அவ வெக்கட்டும்.

ரெண்டு நாளு ஊட்டுல வெச்சிருந்தேன். பரவால்லீங்க, இது எனக்கும் விசில் அடிச்சுச்சு. நான் பேப்பரை மடிச்சா ஒரு விசிலு, எந்திரிச்சா ஒரு விசிலு. நேத்து நானும் பதிலுக்கு ஒண்ணு அடிச்சுப் பாத்தேன், ஆரும் இல்லைங்கற தைரியத்துல. ஆனா இதுக்கும் அதே பொடி. சட்டையெல்லாம் மாவு.

இத பாருங்க தம்பி, நான் பண்ணுன தப்பை நான் ஒத்துக்கற ஆளு. அன்னைக்கு ஒரு தப்பு நடந்துச்சு. மேகம். மேக நாள்ல எண்ணெ வெக்கக்கூடாது, எனக்கே தெரியும், அவசரப்பட்டுட்டேன். இன்னைக்கு அப்படி இல்ல. சனிக்கிழமை, காலையில ஏழு மணிக்கே வெயிலு சுள்ளுன்னு அடிச்சுது. இது சின்னது வேற, பாதிக் கிண்ணம் எண்ணெ கூட ஆகலை. மிளகைக் கூட ஒண்ணாக் கொறைச்சுக்கிட்டேன்.

பொடியோட கொண்டு போய்க் குடுத்தா எனக்கு என்னங்க மரியாதை? அவ பெட்டியத் தொறக்கோணும், உள்ள பளபளன்னு இருக்கோணும். நீங்க சொன்னது சரிதானுங்கன்னு அவ வாயில வரோணும். வராட்டியும் போகுது. எதையாச்சும் பேசுனாப் போதும்.

ஏன் தம்பி, மூஞ்சி இப்படிப் போகுது?

தூங்குதுங்க. நாந்தான் சொன்னேனே, எண்ணெ தேச்ச உடம்பு. சித்தோட்டுல பஸ் நின்னப்பக் கூட அட்டையக் கீறிட்டு இருந்துச்சு, நீங்கதான் அப்பக் கொஞ்ச நேரம் காதுல பாட்டை மாட்டிட்டு இருந்தீங்க. கவுந்தப்பாடி தாண்டுனதுக்கு அப்புறம்தான் சத்தமில்ல. நல்லாத் தூங்கட்டும். கோபி வந்தா எந்திரிச்சுக்கும். அவ கையில எடுத்தா எந்திரிச்சுக்கும்.

தொறக்கறதா? வேண்டாம், வேண்டாம். கைய எடுங்க. ஜன்னல் காத்து அடிக்குதுல்ல. அவ தொறக்கட்டும்.

வேணும்னா காத்துக்குப் போட்ட அந்த ஓட்டை மேல உங்க காதை வெச்சுப் பாருங்க. நீங்களே கேட்டுச் சொல்லுங்க தம்பி. இந்த பஸ் சத்தத்துல எனக்குக் காது அத்தனை கேக்காதுங்க.